கெமராவுக்குள் ஒரு வலையுருவரையம்

சாதாரண தர கணித பாடத்தில் வலையுருவரையம் படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருசமும் ஒரு பிள்ளையாவது கேட்கும்: "சேர், இது எதுக்கு உதவும்?" இப்போதெல்லாம் நான் கெமராவை எடுத்துக் காட்டுகிறேன்.

படம் எடுத்தபின் திரையில் மலை மாதிரி ஓர் உருவம் வருமே, ஹிஸ்டோகிராம். அது நம் பாடப்புத்தகத்து வலையுருவரையம்தான். கிடை அச்சில் 0 முதல் 255 வரை வெளிச்சத்தின் அளவு. இடது ஓரம் முழுக் கறுப்பு, வலது ஓரம் முழு வெள்ளை. அந்தந்த வெளிச்சத்தில் எத்தனை பிக்சல்கள் உள்ளன என்பதை உயரம் காட்டும். நமது பாஷையில் சொன்னால், மீடிறன்.

"படம்தான் திரையில் தெரிகிறதே, வரைபு எதற்கு?" என்பீர்கள். உச்சி வெயிலில் மைதானத்தில் நின்று பார்த்தால் நல்ல படமும் இருட்டாகத் தெரியும். இரவில் இருட்டுப் படமும் பளிச்சென்று இருக்கும். வரைபுக்கு வெயிலும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான்.

நம் பிள்ளைகளின் சீருடை வெள்ளை. பெண்பிள்ளைகளின் பர்தாவும் வெள்ளை. கெமராவின் ஒளிமானியோ எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வகுப்புப் படத்தில் வெள்ளை நிறைந்திருந்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். உடுப்பு மங்கும், முகங்கள் இருளும். கறுத்த பிள்ளையின் முகம்தான் முதலில் காணாமல் போகும். "என் பிள்ளை மட்டும் ஏன் இப்படி?" என்று அந்த உம்மா மனம் நோவார். பிழை பிள்ளையின் நிறத்தில் இல்லை.

அப்படியான படத்தில் மலை இடப்பக்கம் ஒதுங்கி, வலப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும். எக்ஸ்போஷர் கொம்பன்சேஷனை +1 அளவுக்குக் கூட்டி இன்னொன்று எடுங்கள். மலை வலப்பக்கம் நகரும். ஆனால் வலது சுவரில் முட்டிக் குவிய விடாதீர்கள். முட்டினால் வெள்ளை உடுப்பின் மடிப்புகள் அழிந்துவிடும். ஜேபெக் படமென்றால் பிறகு எடிட் பண்ணியும் மீட்க முடியாது.

மலை நடுவில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. பதினாலாம் இரவு நிலாவை எடுத்தால் மலை இடது ஓரத்தில்தான் குவியும். வானம் கறுப்பு, ஆகவே அது சரி. எதை எடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வரைபை வாசிக்க வேண்டும்.

பரிசளிப்பு விழாவில் படம் எடுக்கும் ஆசிரிய நண்பர்களே, முதல் பிள்ளை மேடை ஏறுமுன் ஒரு சோதனைப் படம் எடுத்து வரைபைப் பாருங்கள். ஐந்து செக்கன் வேலை. சில பிள்ளைகளுக்கு மேடை ஏறிய படம் என்று வாழ்நாளில் அந்த ஒன்றுதான் இருக்கும். அதில் முகம் தெரியட்டும்.