சுர்ருனு இருந்தா குணமாயிடுமா?

ஃபேரடே 1831-ல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் நமக்கு செமஸ்டர்ல வர்ற ரெண்டு மார்க் கேள்வி. அமெரிக்காவில் அதையே வைத்தியமா வித்தாங்க, தெரியுமா?

1854-ல் காப்புரிமை பெற்ற டேவிஸ்-கிடர் மெஷின் ஒரு சின்ன மரப்பெட்டி. உள்ளே ஒரு லாட காந்தம், அதன் முன்னால் சுழலும் ரெண்டு காயில். நோயாளி ரெண்டு உலோகக் கைப்பிடிகளைப் பிடிச்சுக்கணும். இன்னொருத்தர் கிராங்கைச் சுத்துவார். வேகமா சுத்தினா வோல்டேஜ் ஏறும், ஷாக்கும் ஏறும். நரம்பு வியாதிக்கு நல்லதுன்னு விளம்பரம்.

சிரிக்காதீங்க. அமிர்தியில் இருக்கிற எங்க ஆயாவுக்கு சுகர். பாதம் மரத்துப்போச்சு. போன வருஷம் ஊருக்குள்ள வந்த ஒருத்தர்கிட்ட பேட்டரியில ஓடுற மெஷின் ஒண்ணு வாங்கினாங்க. "சுர்ருனு ஏறுது கண்ணு, காலுக்கு உசிர் வந்துடுச்சு"ன்னாங்க. சுகரும் போயிடும்னு வித்தவர் சொன்னதை நம்பி மாத்திரையையும் நிறுத்திட்டாங்க.

ஆயா உணர்ந்தது பொய் இல்லை. கரண்ட் பட்டா நரம்பு தூண்டப்படும், தசை துடிக்கும். பிசியோதெரபியில் இன்னைக்கும் வலிக்கு அளவான கரண்ட் கொடுக்கிறாங்க. ஆனா அது ரத்தத்துல சர்க்கரையைக் குறைக்காது.

நான் மெஷினைத் திட்டலை. குளுக்கோமீட்டர் எடுத்துட்டுப் போய், மெஷின் வைக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் டெஸ்ட் பண்ணிக் காட்டினேன். ரெண்டு தடவையும் முந்நூறுக்கு மேல. ஆயா ரொம்ப நேரம் பேசலை. மறுநாள் டாக்டர்கிட்ட என்கூட வந்தாங்க.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு மெஷின் இருந்தா, பெரியவங்ககிட்ட சண்டை போடாதீங்க. அளந்து காட்டுங்க.