கைதட்டல் யாருக்கு?

சென்னைக்கும் கொழும்புக்கும் ஒரு காலத்தில் கிரிக்கெட் பகை ஒன்று இருந்தது. பகை என்பது பெரிய சொல். பங்காளிப் போட்டி என்பதே பொருந்தும். கிரிக்கெட், ஹாக்கி ஆகிய இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய எம். ஜே. கோபாலனின் பெயரால் 1953இல் தொடங்கிய கிண்ணத்துக்காகச் சென்னை அணியும் இலங்கை அணியும் சேப்பாக்கத்திலும் கொழும்பிலும் மோதின. இலங்கை அணி என்று பெயரே தவிர, ஆடியோரிற் பெரும்பாலார் கொழும்புக் கழகங்களைச் சேர்ந்தவர்கள். அதற்கு முன்னரே, 1947இல், சதாசிவம் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்த கதையைக் கேட்டே வெள்ளவத்தைப் பிள்ளைகளாகிய நாங்கள் வளர்ந்தோம்.

அறுபதுகளில் ஒருநாள், பொறளை ஓவல் மைதானத்துக்குச் சென்னை அணியின் ஆட்டம் பார்க்கப் போனோம். நாங்கள் எழுதுவினைஞர்களின் பிள்ளைகள். எங்களோடு வந்த கொட்டாஞ்சேனைத் தோழன் துறைமுகத் தொழிலாளியின் மகன். அவன் தந்தையும் கொழும்பிலே பிறந்தவர்தாம். ஆயினும் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் அக்குடும்பம் நாடற்றதாயிற்று.

சென்னை வீரர் ஒருவர் பந்தை எல்லைக்கு விரட்டினார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். பின்னால் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எங்களை விட்டுவிட்டு அவனை மட்டும் பார்த்து, "உன்ரை ஊர் ஆட்கள்தானே, தம்பி? அவையோடையே கப்பலேறிப் போவன்" என்றார். அவர் பேசியது தமிழிலேதான். எங்கள் வெள்ளவத்தைத் தமிழிலேதான். சிலர் சிரித்தனர். நாங்கள் சிரிக்கவில்லை, ஆனால் வாய் திறக்கவுமில்லை. அதன்பின் எந்த அணிக்கும் அவன் கைதட்டவில்லை.

1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்க்கலாமென ஒதுக்கி வைத்தது. யாரை எங்கே அனுப்புவதென்று பேசிய இரு அரசுகளும் அந்த மக்களை உட்காரவைத்துக் கேட்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தோழன் தலைமன்னாரிற் கப்பலேறினான். சில மாதங்களில் ஒரு கடிதம் வந்தது. "இங்கே என் பெயர் சிலோன்காரன்" என்று எழுதியிருந்தான்.

குடியுரிமை உள்ளவனுக்கு எந்த அணிக்குக் கைதட்டுவதும் விளையாட்டு. அஃது இல்லாதவனுக்கு அதுவே விசாரணை. இதை நாங்கள் மெல்லத்தான் உணர்ந்தோம். 1983 ஜூலையில் வெள்ளவத்தையின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, "உங்கள் ஊருக்குப் போங்கள்" என்ற அதே சொல் எங்கள் வாசலுக்கும் வந்தது. அன்று மைதானத்தில் நாங்கள் காத்த மௌனம் அப்போதுதான் எங்களைச் சுட்டது.

இலங்கை 1981இல் டெஸ்ட் தகுதி பெற்றபின் கோபாலன் கிண்ணத்தின் பெருமை குன்றியது. 2013இல் இலங்கை வீரர்கள் சென்னையில் ஐ.பி.எல். ஆடக்கூடாதென்று தடை வந்தது. ஈழத் தமிழர் துயருக்கு நியாயம் கேட்டெழுந்த சினத்தின் விளைவு அது. அச்சினத்தின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அவ்வாண்டு பெங்களூர் அணியிலிருந்த முத்தையா முரளிதரனுக்கும், மலையகத் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளைக்கும், அதே தடைதான். சிலோன்காரன்!

ஆசிரியத் தோழர்களே, உங்கள் வகுப்பிலும் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு எழும். ஒரு மாணவனை மட்டும் சுட்டி "நீ எந்தப் பக்கம்?" என்று எவரேனும் கேட்பார். அப்போது நாங்கள் இருந்ததுபோல் இருந்துவிடாதீர்கள்.