இரண்டு தெரு தூரம்

என் நண்பன் சாகக் கிடந்த மாதங்களில் நான் அவனைப் போய்ப் பார்க்கவில்லை. இதே உறையூரில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு. நாக்கில் புற்று. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேச்சு போய்விட்டது. சாலை ரோட்டில் நின்றபடி பாதி ராத்திரி வரை பேசியவனைப் பேச்சில்லாமல் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் மகன் வந்து, “அப்பா ஒங்க பேர எழுதி எழுதிக் காட்டுறாரு மாமா” என்றான். விடைத்தாள் திருத்த வேண்டியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். விடைத்தாள்கள் இருந்தது நிஜம். அதனால்தான் போகவில்லை என்பது பொய். கடைசியில் ஓயாமரிச் சுடுகாட்டுக்குத்தான் போனேன்.

நான் தமிழ் வாத்தியார். கோப்பெருஞ்சோழன் கதையை வருஷா வருஷம் வகுப்பில் சொல்லியவன். உறையூரை ஆண்ட அந்தச் சோழன், தன்மேல் போருக்கு வந்த இரண்டு பிள்ளைகளை எதிர்த்து எழுந்தான். புல்லாற்றூர் எயிற்றியனார் சொல்லித் தடுத்தார். பிறகு உலகை வெறுத்து, உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தான். முகம் பாராத பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து வருவார், அவருக்கும் இடம் விடுங்கள் என்றான். அவரும் வந்தார். நட்புக்கு உதாரணம் என்று பலகையில் எழுதிப் போட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

நண்பன் போன பிறகு தூக்கம் கெட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் “அவன் கஷ்டம் தீர்ந்துச்சு” என்றார்கள். நானும் அதையே மற்றவர்களிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல நெஞ்சு இறுகியதே தவிர இளகவில்லை. அப்படி ஒரு ராத்திரியில்தான் புறநானூற்றை எடுத்தேன். 220ஆம் பாட்டு, அந்தச் சோழனின் நண்பர் பொத்தியார் பாடியது. அரசனை ஆற்றங்கரையில் இழந்துவிட்டு அவர் உறையூருக்குத் திரும்புகிறார். ஊர் மன்றத்தைப் பார்க்கிறார். பல வருஷம் சோறிட்டு வளர்த்த யானை போனபின் அது நின்ற இடத்தைப் பார்த்து அழுகிற பாகனைப் போல அழுகிறார். அவ்வளவுதான் பாட்டு. விதி என்றோ, நிலையாமை என்றோ, வானுலகம் என்றோ ஒரு சமாதானமும் இல்லை. திணை, துறை சொல்லி நான் கடந்துபோன பாட்டு. அன்று அழுதேன். அவன் செத்த பிறகு முதல் தடவையாக.

1894இல் உ.வே. சாமிநாதையர் ஏட்டிலிருந்து அச்சில் ஏற்றித் தந்ததால்தான் அது என் கைக்கு வந்தது. அந்தக் கிழவருக்கு என் ஆயுள் உள்ளவரை நன்றி.

ஆனால் இரண்டு பாட்டு தள்ளி, 222இல் மாட்டிக்கொண்டேன். பொத்தியாரும் கூடவே வடக்கிருக்க விரும்பியவர். மனைவி கருவுற்றிருக்கிறாள், மகன் பிறந்தபின் வா என்று அரசனே திருப்பி அனுப்பியிருந்தான். மகன் பிறந்தான், அவர் வந்தார். நடுகல்லாகிவிட்ட நண்பனைப் பார்த்து, என்னைப் போகச் சொன்னாயே, என் இடம் எங்கே என்று உரிமையோடு கேட்கிறார். செத்தவன்மேல் கோபப்படக்கூட அவருக்கு உரிமை இருந்தது. என்னை யாரும் திருப்பி அனுப்பவில்லை. கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. பாட்டு என்னைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவில்லை. விடைத்தாள் கதையை எனக்கு நானே இனிமேலும் சொல்லிக்கொள்ள முடியாதபடி செய்தது. அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. ஒருவர் தன் வலியை மறைக்காமல் சொல்வதைக் கேட்டபின் நமக்கும் நிஜம் பேச வாய் வருகிறது. வெக்காளியம்மன் கோயிலில் மனக்குறையைச் சீட்டில் எழுதிச் சூலத்தில் கட்டிவிட்டு வருகிறவர்களின் முகம் தெளிந்திருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அம்மன் கேட்டதைத் தருவது பிறகு. எழுதும்போதே ஏதோ நடந்துவிடுகிறது.

ஒரு வழியாக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவியிடம், “பயந்துபோய்த்தான் வரல தங்கச்சி. வேலை இருக்குன்னு சொன்னது பொய்” என்றேன்.

“தெரியும்ண்ணே. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா அவரு திரும்பித் திரும்பிப் பாப்பாரு” என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.