கூரை மாற்றும் கணக்கு

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார்" என்றனர் முன்னோர். கட்டிய வீட்டின் கூரையை மாற்றிப் பார் என்பதை ஏனோ சேர்க்காது விட்டனர். சென்ற ஆண்டு, வலிகாமத்தில் உள்ள என் மனைவியின் சீதன வீட்டுக்குக் கூரை மாற்ற நேர்ந்தது. மகளின் படிப்புக்கென ஒதுக்கிய பணத்திற் கைவைக்காமல் அதனை முடிக்க வேண்டியிருந்தமையால் ஒவ்வொரு செலவையும் துருவி ஆராய்ந்தேன். அதில் அறிந்தவை பிறர்க்கும் பயன்படலாம்.

கணிதம் கற்பிப்பவனாதலின் அளவிலே தொடங்குகிறேன். பலர் தரையின் பரப்பையே கூரையின் பரப்பாக எண்ணிப் பணந் தேடுகின்றனர். 40 அடி நீளமும் 25 அடி அகலமும் உள்ள வீட்டின் தரை 1000 சதுர அடி. வேலையாட்கள் வழக்கில் 10 சதுரம். ஆயின் சாரல் சுவரிற் படாதிருக்கத் தாழ்வாரம் நாற்புறமும் இரண்டரை அடி நீளுமாயின் அளவு 45 அடிக்கு 30 அடியாகி, 1350 சதுர அடியாகிறது. கூரையோ சாய்ந்து நிற்பது. 30 பாகைச் சாய்வு வைத்தால் மேலும் 15 வீதத்துக்குச் சற்று அதிகமாகக் கூடி, ஏறத்தாழ 1560 சதுர அடியாகும். பத்துச் சதுரத்துக்குப் பணம் வைத்திருந்தவர் பதினைந்தரைச் சதுரத்துக்கு விடை சொல்ல வேண்டும்! கள்ளிக்கோட்டை ஓடாயின் சதுரத்துக்கு 130 முதல் 150 வரை செல்லும். முகட்டோடும் உடைவும் வேறு.

ஓட்டின் விலையை அறிந்த மாத்திரத்தில் கூரையின் செலவை அறிந்ததாகாது. ஓட்டைத் தாங்குவது மரமன்றோ? 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தனர். மறு ஆண்டு மீண்டபோது பல வீடுகளுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. இவ்வீடும் அவற்றுள் ஒன்று. 1997இல் மாமியார் தம் காப்புகளை விற்று, கைக்குக் கிடைத்த பனைமரங்களைக் கொண்டு மீண்டும் கூரை போடுவித்தார். பனையில் வைரம் புறத்தே உளது. இளம்பனையில் அது போதிய அளவு அமைவதில்லை. போர்க்காலத்திற் பதுங்குகுழிகளுக்காக எண்ணிறந்த பனைகள் தறிக்கப்பட்ட பின்னர் முதிர்ந்த மரத்துக்கு எங்கே போவது?

பார்க்க வந்த முதிய தச்சர், "மாஸ்டர், கீழ நிண்டு பாத்து விலை சொல்ல நான் மாட்டன். ரெண்டு வரிசை ஓட்டைக் கழட்டிப்போட்டுச் சொல்லுறன்" என்றார். அவ்வாறே கழற்றினார். நடுவிலே இரும்புபோல் நின்ற கைமரங்கள் சில, சுவரிற் படியும் முனையில் உளியை வெண்ணெய்போல் உள்வாங்கின. ஈரமும் கறையானும் முதலிற் புகுவது அங்கேதான். பதினொரு கைமரங்களை மாற்றினோம்; முற்றியவற்றை முனை வெட்டி மீண்டும் ஏற்றினோம். ஓடு கழற்றிப் பாராமல் எழுதித் தரும் மதிப்பீட்டை நான் நம்பேன்.

கனடாவில் இருக்கும் மைத்துனர், "தகடு போடுங்கோ, செலவு குறையும்" என்று தொலைபேசியிற் கூறினார். அதில் உண்மை உண்டு. ஒரு சதுரம் ஓடு 350 கிலோவுக்கும் மேற்பட்ட பாரம். தகடு அதில் எட்டில் ஒரு பங்குதான். மரச்செலவு சுருங்கும். மாமியாரோ, "தம்பி, சீற்றுக்குக் கீழ என்னை இருத்தாதேயுங்கோ, வெக்கையில வெந்துபோவன்" என்றார். அதிலும் உண்மை உண்டு. தகட்டின் கீழே உட்கூரை அடித்தாலன்றி நண்பகலில் இருக்க இயலாது. அச்செலவையும் தகட்டின் பேரிலேயே எழுதுதல் வேண்டும். அன்றியும், பாரமற்ற கூரையைக் காற்று எளிதிற் கிளப்பும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியதைக் கண்டவர்க்கு அதனை விளக்க வேண்டியதில்லை. தகட்டுக்கென அமைத்த மெல்லிய மரத்தின் மேல் பின்னர் ஓடு ஏற்றுவதோ ஆபத்து. முடிவில் வீட்டுக்கு ஓடும் அடுப்படிக்குத் தகடும் என்று இணங்கினோம்.

பழைய அஸ்பெஸ்டஸ் கூரை உடையோர் அதனை உடைக்கவோ அறுக்கவோ விடலாகாது. அதன் தூசு நுரையீரலுக்குப் புற்றுநோய் தருவது. நனைத்து, முழுத் தகடாகவே இறக்குவிக்க வேண்டும்.

வேலையை ஐப்பசி மாரிக்கு முன்னரே முடித்தல் நன்று. ஆடியில் வீட்டுவேலை தொடங்கலாகாது என்பர். அதனாலேயே அம்மாதத்தில் எமக்குத் தச்சர் எளிதிற் கிடைத்தனர். ஓடு வாங்கும்போது அதே சூளையின் ஓடுகள் ஐம்பதேனும் மிகையாக வாங்குக. வேறு சூளையின் ஓடு பெரும்பாலும் இதனோடு பொருந்தி அமராது. எமது ஐம்பதையும் மாமியார் கிணற்றடி மதிலோரம் அடுக்கி வைத்திருக்கிறார். அவற்றில் ஒன்றைக் கேட்டு வந்த அயலவரை வெறுங்கையோடு அனுப்பியும் விட்டார்.