பிஸ்கட் டின்

அப்பாவின் பிஸ்கட் டின்னில் ஈப்போ ஸ்டேடியம் டிக்கெட் ஒன்று இருக்கிறது. 1998, பேராக் மலேசியக் கிண்ணம் வென்ற வருடம். பின்பக்கம் ஓர் ஆட்டக்காரரின் கையெழுத்து. மழையில் கரைந்து, யாருடையது என்று தெரியவில்லை. பால் வெட்டு முடித்து, தோட்டத்திலிருந்து மோட்டாரில் போய் வாங்கியது.

நான் சேர்த்தவை 2018 அணியின் ஒன்பது கையெழுத்துகள். இறுதியாட்டத்தில் தெரெங்கானுவுடன் 3-3, பிறகு பெனால்டியில் ஜெயித்த அணி.

2025-இல் பேராக் சூப்பர் லீக்கிலிருந்து விலகியது. "இனிமே இதுக்கெல்லாம் நல்ல விலை கிடைக்கும்பா" என்றேன்.

அப்பா டின்னை மூடினார். "தோட்டமும் போச்சு, திடலும் போச்சு. நான் அங்க பந்து விளையாண்டதுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்ல. இதாச்சும் இருக்கட்டும்டா."

என் ஒன்பதையும் அந்த டின்னிலேயே வைத்துவிட்டேன்.