ஆயாவின் பாட்டும் அப்பாவின் வலக்காதும்

மனிதனுக்குக் காது இரண்டு எதற்கு? ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று அறிவதற்கு. இடப்பக்கம் நின்று ஒருவர் அழைத்தால் அவ்வொலி இடக்காதை முதலில் அடைந்து, வலக்காதைச் சற்றுப் பின்னரே எட்டும். அங்கே கொஞ்சம் மெலிந்தும் கேட்கும். அந்தக் காலதாமதம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. மூளை அதைக்கொண்டே திசையைக் கணித்துவிடுகிறது. இதை ஏட்டில் படித்து மதிப்பெண் வாங்கிவிடலாம். என் வீட்டிலோ இது தினசரி விவகாரம். சிறுவயதில் சீழ் வடிந்து என் தந்தைக்கு இடக்காது கேளாமற் போயிற்று.

எங்கள் ஊர் சிங்கப்பெருமாள் கோவில். பாறையைக் குடைந்த சந்நிதியில் பாடலாத்ரி நரசிம்மர் வீற்றிருக்க, ஒரகடம் சாலை நெடுகிலும் இன்று தொழிற்சாலைகள். அங்கே ஒரு கம்பெனியின் காண்டீனில் அப்பாவுக்கு வேலை. அவருடைய தாயாரோ வயலில் நாற்று நட்டுக் காலம் கழித்தவர். 2022-இல் ஆயாவையும், அவரோடு நடவுக்குச் சென்ற பெரியம்மா, அத்தை முறையுள்ள இருவரையும் திண்ணையில் உட்கார வைத்து நடவுப் பாட்டுகளைப் பதிவு செய்தேன். ஒவ்வொருவர் முன்னும் ஒரு கைப்பேசி. தொடங்குமுன் உரக்க ஒருமுறை கைதட்டினேன். மூன்று பதிவுகளையும் பிற்பாடு ஒன்றோடொன்று பொருத்த அந்த ஓசைதான் அடையாளம். மறு ஆண்டு ஆயா காலமானார்.

இவற்றை ஒன்றாகக் கலக்க ரீப்பர் என்னும் மென்பொருளைப் பயன்படுத்தினேன். ஆயாவை நடுவிலும், அத்தையை இடத்திலும், பெரியம்மாவை வலத்திலும் அமர்த்துவது என் திட்டம். இப்படி அமர்த்தும் குமிழுக்குப் 'பேன்' என்று பெயர். நண்பர்களே, தலையில் ஊர்வதன்று. 'பனோரமா' என்பதன் சுருக்கம். இரு பக்க ஒலிக்கு இங்கிலாந்தில் ஆலன் பிளம்லீன் 1931-லேயே காப்புரிமை கோரியிருந்தார். 1940-இல் வெளியான வால்ட் டிஸ்னியின் 'ஃபேண்டேசியா' படத்துக்காக ஒலியைத் திரையின் குறுக்கே நகர்த்தும் குமிழை அவரது பொறியாளர்கள் செய்தார்கள். நம் தமிழில் 1978-இல் வந்த 'பிரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. செங்கல்பட்டு ரயிலில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பகிர்ந்து கேட்கும் நம் தோழர்கள் ஸ்டீரியோ பாட்டில் பாதியைத்தான் கேட்கிறார்கள். அதைப்பற்றி அவர்கள் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

அப்பாவின் நிலை வேறு. அத்தையை முழுக்க இடப்பக்கம் தள்ளினால் ஆயா பாட, பெரியம்மா பதில் சொல்ல, அத்தை மட்டும் எங்கோ அடுத்த தெருவில் பாடுவதுபோல் அவருக்குக் கேட்கும். அதுவும் மற்றவர் கைப்பேசியில் லேசாக விழுந்த குரலால்தான். எல்லாரையும் நடுவில் குவித்துவிட்டால் தொல்லை தீரும். ஆனால் திண்ணை மறைந்துவிடும்.

இங்கேதான் 'ஆக்ஸ் சென்ட்' கைகொடுத்தது. ஏரிப்பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிது. பெரிய கால்வாயில் ஓடும் நீரில் கொஞ்சத்தைக் கிளை வாய்க்காலில் திருப்பிவிடுவதுபோல், ஒரு குரலின் நகலை வேறொரு தடத்துக்கு அனுப்புவது. அங்கே அதைத் தாமதப்படுத்தலாம், எதிரொலியாக்கலாம். இந்தக் கிளைக்கும் தனியாக ஒரு பேன் குமிழ் உண்டு. அத்தையின் குரல் இடத்தில். கிளையில் செல்லும் நகலை வலத்துக்குத் திருப்பினேன். நகல் அடியோடு மௌனமாயிற்று!

காரணம் சுவையானது. வழக்கமாகக் கிளை பிரிவது மதகுக்குக் கீழே, அதாவது முதற்குமிழ் குரலை இடத்துக்குத் தள்ளிய பிறகு. அந்த நீரில் வலப்பங்கு ஒரு துளியும் இல்லை. இல்லாத வலத்தைத் திறந்து, இருக்கும் இடத்தை அடைத்தால் என்ன மிஞ்சும்? மதகுக்கு மேலேயே கிளையைப் பிரிக்கும்படி அமைப்பை மாற்றினேன்; நகல் வலத்தில் ஒலித்தது. இதற்கும் ஒரு விலை உண்டு. அத்தையின் ஒலியளவைக் குறைத்தால் நகல் தானாகக் குறையாது. இரண்டையும் தனித்தனியே கவனிக்க வேண்டும். மேலும் சில எதிரொலிக் கருவிகள் இடவலத்தை உள்ளே வாங்கியதும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அவற்றில் குமிழைத் திருப்புவது வீண் வேலை. ஆகவே வெறும் தாமதக் கருவியே போதுமென்று கொண்டேன்.

தாமதம் நொடியில் ஆயிரத்தில் 25 பங்கு. ஒரே ஒலி இவ்வளவு சிறிய இடைவெளியில் இருமுறை வந்தால் முதலில் வந்த பக்கத்தையே காது நம்பும் என்று ஹெல்முட் ஹாஸ் 1949-இல் ஆராய்ந்து காட்டினார். இரு காதும் கேட்கும் எனக்கு அத்தை இடப்பக்கமே இருந்தார். வலக்காதை மட்டும் வைத்துக் கேட்டால் அவர் அங்கேயும் இருந்தார். கைப்பேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் போட்டால் மட்டும் மூலமும் நகலும் மோதி, குடத்துக்குள்ளிருந்து பாடுவதுபோல் சற்று ஒலித்தது. நகலைக் கொஞ்சம் தணித்தேன். கைப்பேசியிலேயே இரு பக்கத்தையும் ஒன்றாக்கும் வசதி இருக்கிறதே என்று தோழன் கேட்டான். இருக்கிறது. அப்பாவுக்கும் எனக்கும் ஒரே பாட்டு, ஒரே பதிவாக இருக்க வேண்டும் என்று எனக்கோர் ஆசை.

இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனிப் பேருந்தில் வரும்போது அப்பா அதைக் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். ஆயாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "அன்னைக்கு உன் அத்தைக்குத் தொண்டை கட்டியிருந்துதாடா?" என்று கேட்டார்.