பத்து விழுக்காடு உபசரிப்பு

எங்கள் வாசக வட்டத்தின் மாதக் கூட்டம் முடிந்தபின் எல்லோருமாகச் சேர்ந்து எங்காவது சாப்பிடப் போவது வழக்கம். கூட்டத்துக்கு வராதவர்கள்கூட இதற்கு வந்து சேர்ந்துவிடுவதுண்டு. விக்டோரியா தெருவிலுள்ள தேசிய நூலகத்தில் இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, தேக்காவுக்குப் போய் வாழையிலைக்கு முன்னமர்ந்து மிச்சத்தையும் பேசித் தீர்ப்போம். சென்ற மாதம் அந்த வழக்கத்தை மாற்றினோம். பூகிஸ் பக்கம் ஒரு தைவான் உணவகம் இருக்கிறது, பபள் டீக்குப் பேர்போனது, சாப்பாடும் அருமையாக இருக்கும் என்று எங்களில் இளையவர் மூன்று மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். பபள் டீ என்றால் பேரங்காடி வாசலில் வரிசையில் நின்று வாங்கி, உறிஞ்சிக்கொண்டே நடப்பது என்றுதான் மற்ற மூவரும் எண்ணியிருந்தோம். மேசை போட்டுச் சோறும் போட்டு, கூடவே அந்தத் தேநீரையும் தருகிற கடைகள் உண்டு என்பது எங்களுக்குச் செய்தி.

அன்று எங்களோடு ஐயாவும் இருந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், 1938இல் ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். எங்களில் இருவர் அவரிடம் படித்தவர்கள். முழங்கால் வலியால் கூட்டங்களுக்கு அவர் வருவது குறைந்துவிட்டது. இம்மாதம் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' பற்றிய பேச்சு என்றதும் டாக்சி பிடித்து வந்துவிட்டார். வந்தவர், கைத்தடியின்மேல் இரு கைகளையும் வைத்தபடி இரண்டு மணி நேரமும் கேட்டுக்கொண்டிருந்தாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. போரைப் பற்றியும் ஜப்பானியர் காலத்தைப் பற்றியும் நாவலின் உத்தியைப் பற்றியும் நாங்கள்தான் ஓயாமல் பேசினோம்.

சனிக்கிழமை மாலை ஆறு மணி. உணவகத்துக்குள் நுழைந்தபோது வாருங்கள் என்று சொல்ல ஆளில்லை. கல்லாவில் நின்ற பெண் தலையை நிமிர்த்தாமல் ஒரு மூலையை விரலால் சுட்டினார். விருந்தோம்பல் அதிகாரத்துக்குள் வள்ளுவர் அனிச்சப்பூவை எதற்காகக் கொண்டுவந்தார் என்பது எங்களுக்கு அந்த விரலைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. சுட்டிய மேசையில் முந்தைய கூட்டத்தார் உண்ட தட்டுகள் அப்படியே இருந்தன. நாங்களே அடுக்கி ஓரமாக வைத்தோம். உணவுப்பட்டியல் என்று எதுவும் கையில் தரவில்லை. மேசைமீது ஒட்டியிருந்த கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் படம்பிடித்து, அதில் தெரிவதைத் தொட்டுத் தொட்டுக் கேட்க வேண்டும். ஐயாவின் கைப்பேசி பேசுவதற்கு மட்டுமே ஆனது. தண்ணீர் கேட்டோம், தலையசைத்தார்கள். மறுபடியும் கேட்டோம், மறுபடியும் தலையசைத்தார்கள். இறுதிவரை தண்ணீர் வரவில்லை.

அரைமணி கழித்துப் பூனைமுகம் வரைந்த இயந்திரம் ஒன்று தட்டுகளைச் சுமந்துகொண்டு உருண்டு வந்து நின்றது. உணவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இனிய குரலில் வேண்டியது. அந்த மாலையில் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசிய முதல் ஊழியர் அதுதான். ஆனால் அது கொண்டுவந்தது பக்கத்து மேசைக்காரர்களின் மாட்டிறைச்சி நூடல்ஸ். யாரையாவது கூப்பிட்டு விவரம் சொல்லலாமென்றால் யாரும் திரும்பவில்லை. பூனையும் நகரவில்லை. கடைசியில் பக்கத்து மேசைப் பையனே எழுந்து வந்து தம் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போனான். நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: ஏறக்குறைய இருபது மேசைகளுக்கு இரண்டே பேர்தான் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வந்த உணவு மோசமாக இருந்திருந்தால் இக்கட்டுரை எளிதாக இருந்திருக்கும். மோசமாக இல்லை. வெங்காயத்தாள் தூவிச் சுட்ட அடை முதலில் வந்தது. மாவைத் தேய்த்து, எண்ணெய் தடவி, சுருட்டி, மறுபடி தேய்த்துச் சுடுகிறார்கள். நம் பரோட்டாவின் அதே கணக்கு. மேலே மொறுமொறுப்பு, உள்ளே ஏடு ஏடாகப் பிரிகிறது. அடுத்தது மூன்று கிண்ணக் கோழி. சோயாச் சாறு, அரிசி மது, நல்லெண்ணெய் மூன்றிலும் ஒவ்வொரு கிண்ணம் ஊற்றி இஞ்சியும் பூண்டும் சேர்த்து வற்றச் செய்வதால் அந்தப் பெயர். மண்சட்டியில் இன்னும் கொதித்துக்கொண்டே வந்தது. இறக்கும் தறுவாயில் துளசி இனத்து இலையை அள்ளிப் போட்டிருந்தார்கள். மூடியைத் திறந்ததும் எழுந்த மணத்தில் நல்லெண்ணெயை அடையாளம் கண்டுகொண்டு ஐயா முதன்முறையாகச் சிரித்தார். நெடுநேரம் அடுப்பில் கிடந்து உருகிய பன்றியிறைச்சியைக் குழம்போடு சோற்றின்மேல் ஊற்றித் தருவது அந்நாட்டின் அன்றாடச் சாப்பாடாம். எங்களில் ஒருவர் ஒரு கிண்ணம் முடித்து இரண்டாவதும் கேட்டார். சைவருக்கு அதே மூன்று கிண்ண முறையில் காளான் கிடைத்தது. இப்படிச் சமைக்கத் தெரிந்தவர்கள் உள்ளே இருக்க, வெளியே ஒரு குவளை தண்ணீருக்கு வழியில்லை.

எல்லாவற்றுக்கும் கடைசியில் தேநீர் வந்தது. இதன் பிறப்பு 1980களின் தைவான். தாய்ச்சுங் நகரத்துக் கடை ஒன்றும் தாய்நான் நகரத்துக் கடை ஒன்றும் நாங்கள்தான் முதலில் செய்தோம் என்று உரிமை கோரி, ஏறத்தாழப் பத்தாண்டுகள் வழக்காடின. யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்கிற பானத்துக்கு முதலில் செய்தவர் யாரென்று தீர்மானிக்கத் தேவையில்லை என்று 2019இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேநீருக்கு அடியில் கிடக்கும் கறுப்பு முத்துகளில்தான் எல்லாம் இருக்கிறது. பல்லுக்கு வளைந்துகொடுத்து மீளும் அந்தப் பதத்தைத் தைவான்காரர்கள் ஆங்கில எழுத்தான 'க்யூ' என்பதால் குறிக்கிறார்கள். அது உயர்ந்த பாராட்டு. நம்மிடம் 'ஜவ்வு' என்றொரு சொல் இருக்கிறது, ஆனால் அதைப் பெரும்பாலும் திட்டுவதற்கே வைத்துக்கொண்டிருக்கிறோம். அன்றைய உபசரிப்பைப் பற்றிச் சொல்ல அது பொருத்தமான சொல்தான்.

ஐயா சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர். அவருக்குக் கால்பங்கு இனிப்பு போதும் என்று இளையவர் கவனமாகத் தொட்டுத் தேர்ந்தெடுத்திருந்தார். வந்ததோ முழு இனிப்பு. மாற்றித் தரச் சொல்லலாமென்று கையை உயர்த்தி, உயர்த்திய கையை அப்படியே தலையைக் கோத இறக்கிக்கொண்டார். அதற்குள் ஐயா அந்தத் தடித்த உறிஞ்சுகுழலால் இழுத்து, முத்தொன்றை மெல்லத் தொடங்கியிருந்தார்.

"இது எதுல செய்யறாங்க?" என்று கேட்டார்.

எங்கள் நால்வருக்கும் விடை தெரியும். மரவள்ளி மாவு. சேலத்துப் பக்கம் குச்சிக்கிழங்கு என்பார்கள். அந்த மாவில்தான் அங்கே ஜவ்வரிசியும் செய்கிறார்கள். இளையவர், "அது வந்துங்க ஐயா..." என்று ஆரம்பித்தார். மேசைக்கடியில் யாரோ அவர் காலை மிதித்தோம். சில ஆண்டுகளுக்குமுன் ஒரு நூல் வெளியீட்டில் சிற்றுண்டியாக மரவள்ளிக் குவே வைத்திருந்தார்கள். ஐயா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "மூணரை வருஷம் தின்னாச்சு" என்று மட்டும் சொன்னது மற்ற மூவருக்கும் நினைவிருந்தது. மலாயா தான் உண்ட அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் இறக்குமதி செய்துவந்த நாடு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. 1945இல் போர் முடிகிறவரை, வரத்துக் குறைந்த அரிசியின் இடத்தில் மரவள்ளிதான் சோறாக இருந்தது. இதையெல்லாம் அன்று பிற்பகல்தான் அவர் எதிரிலேயே பேசியிருந்தோம்.

நாங்கள் வாயைத் திறக்காததால் ஐயா கடைக்காரர்களைக் கேட்க முற்பட்டார். கடந்துபோன பெண் மேசைக் குறியீட்டைக் காட்டி, "ஸ்கேன், ஸ்கேன்" என்றார். அடுத்து வந்த இளைஞர் "பேர்ல்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். மூன்றாம் முறை ஐயா வகுப்பில் பையன்கள் உயர்த்துவதுபோலக் கையை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது ஆண்டு அந்தக் கைகளைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அப்போதும் யாரும் பேசவில்லை.

மேசை துடைக்கும் சீன மூதாட்டி ஒருவர் தம் தள்ளுவண்டியோடு வந்துகொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய வயது. ஐயா குவளையைக் காட்டி மலாயில் கேட்டார். மூதாட்டி வண்டியை நிறுத்தி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, குனிந்து குவளையைப் பார்த்தார்.

"ஊபி காயு," என்றார். மரவள்ளிதான். "எங்கம்மா காலத்துல பசிக்குத் தின்னது, இப்போ ஏழு வெள்ளி," என்று மலாயிலேயே சொல்லிச் சிரித்துவிட்டுத் தட்டுகளை அள்ளிக்கொண்டு நகர்ந்தார்.

ஐயா குவளையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதை நகர்த்தி வைப்பார் என்று காத்திருந்தோம். மறுபடியும் குழலை வாயில் வைத்து இழுத்தார்.

"சீனி போட்டிருக்கான்," என்றார். பிறகு, "அன்னைக்கு இவ்வளவு சீனி இருந்திருந்தா என் தங்கச்சி துப்பியிருக்க மாட்டா."

அவருக்கு ஒரு தங்கை இருந்தது எங்களுக்குத் தெரியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம். ஐயாவோடு பிறந்தவர்கள் அண்ணன்மார் மட்டுமே என்று நினைத்திருந்தோம். எங்களில் ஒருவர், அவள் பெயர் என்ன ஐயா என்று கேட்டார். அவர் சொல்லத் தொடங்கினார். தோட்டத்து லயத்தையும், கிழங்கைச் சீவிக் காயவைத்த கூரையையும், வீங்கிய கால்களையும் பற்றி அவர் சொன்னவற்றை நாங்கள் இங்கே எழுதப்போவதில்லை. அவரே எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். எழுதுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஒன்றேகால் மணி நேரம் பேசினார். கவனிப்புள்ள கடையாக இருந்திருந்தால் நடுவில் நான்கு முறை வந்து இன்னும் ஏதாவது வேண்டுமா என்று கேட்டிருப்பார்கள். சனிக்கிழமை வரிசையைக் காட்டி எழுப்பியும் விட்டிருப்பார்கள். இங்கே எங்களை யாரும் சீண்டவில்லை.

பில் 118 வெள்ளி. அதன்மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், 11 வெள்ளி 80 காசு. அந்தச் சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகையின்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. ஆக 141 வெள்ளி 48 காசு. எந்தச் சேவைக்கு இந்தப் 11 வெள்ளி 80 காசு என்று கல்லாவில் கேட்டே தீருவது என எங்களில் ஒருவர் கிளம்பினார். அந்தத் தொகை பணியாளர் கைக்குப் போயாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதை அந்தப் பெண்ணிடம் கேட்டு என்ன பயன் என்று இன்னொருவர் தடுத்தார். வாசலருகே நின்று இதைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தபோது ஐயா உள்ளே திரும்பிப் போயிருந்தார். மூதாட்டியைத் தேடியிருக்கிறார். அவருடைய வேலைநேரம் முடிந்து போய்விட்டாராம்.

அடுத்த மாதமும் அதே கடைக்குத்தான் போவதாக இருக்கிறோம். வெங்காயத்தாள் அடைக்காக என்று சொல்லிக்கொள்கிறோம். தண்ணீர்ப் போத்தல்களை வீட்டிலிருந்தே கொண்டுவருவதாக ஏற்பாடு. ஐயாவும் வருகிறார். இனிப்பின் அளவு பற்றி மட்டும் அவருக்கும் அவர் மகளுக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.